தீச்செங்கல்லின் வலிமையும் பருமனும்

உருக்குலைகளின் உட்சுவர் தீச்செங்கற்களாலாயது. அச்சுவர் பிளப்பின் உருகிய உலோகம் வெளிப்பட்டுப் பேரிடர் விளையும். ஆதலின் செங்கல்லிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்தெடுத்து, வளைத்து முறித்து, அதன் வலிமையை அளப்பர். அத்துண்டு தாங்கிய தகைப்பை முழுச் செங்கல்லும் தாங்குமோ? தாங்குமெனக் கொள்ளுதல் தவறாகும்.

நொறுங்கும் இயல்புடைய பொருள்களில் முறிவு அவற்றின் பழுதுகளிலிருந்தே தொடங்குகின்றது. கண்ணாடியிழை மெலியுந்தோறும் அது தாங்கும் தகைப்பு மிகுதலை 1921ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் கிரிபித் காட்டி, நுண்ணிய வெடிப்புகளே பொருள்களின் வலிமையைக் குறைப்பன என விளக்கினார். சுவீடிய அறிஞர் வைபுல் 1939இல் இதற்குப் புள்ளிவிவர வடிவம் அளித்தார். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. அதுபோலப் பருமன் பெருகப் பெரும்பழுது அமையும் வாய்ப்பும் பெருகும். வைபுலின் குணகம் 10 எனின், கனவளவு 1000 மடங்காகும்போது வலிமை ஏறத்தாழப் பாதியாகும்.

ஆயினும், தீச்செங்கல் கண்ணாடியைப் போல் ஒருசீரானதன்று. அதனுள் சில மில்லிமீற்றர் அளவுள்ள பருமணிகளும் துளைகளும் உள. மாதிரி மிகச் சிறிதாயின், அது செங்கல்லின் இயல்பையன்றி ஓரிரு மணிகளின் இயல்பையே காட்டும். அன்றியும், வளரும் வெடிப்பை அம்மணிகள் தடுத்தும் திருப்பியும் விடுதலால், வைபுலின் கணிப்பு இங்கு முற்றும் பொருந்துவதில்லை.

எனவே, மாதிரி பருமணியினும் பன்மடங்கு பெரிதாயிருத்தல் வேண்டும். மாதிரியின் அளவைக் கூறாது வலிமையை மட்டும் கூறும் எண், உலை அமைப்போனுக்கு அரைகுறைச் செய்தியேயாம்.