மென்கரத்தின் வன்மை

பிலிமத்தலாவையில் எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், "உடல்வலிமை குன்றிய எனக்கு விளையாட்டு எதற்கு, ஐயா?" என்று அண்மையில் வினவினார். யாம் அவருக்கு விடையாக இராமநாதன் கிருஷ்ணனின் வரலாற்றைக் கூறினோம்.

1937 ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்த அத் தமிழருக்கு டெனிஸ் கற்பித்த ஆசான் அவர்தம் தந்தையாரே. பந்தை அசுரவேகத்தில் அடிப்பது கிருஷ்ணனின் வழியன்று. மென்மையாகத் தொட்டு, எதிராளி எதிர்பாராத மூலையில் அதனைச் சேர்ப்பதே அவர் கைக்கொண்ட கலை.

அக் கலையின் துணைகொண்டு 1954 இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். அதனைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1960 இலும் 1961 இலும் ஆடவர் அரையிறுதியை எட்டினார். முன்னதில் நீல் பிரேசரிடமும் பின்னதில் ரொட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அவ்வவ்வாண்டின் வெற்றிவீரர்கள்.

ஆடவர் மகுடம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். 1966 இல் கல்கத்தாவில் டேவிஸ் கிண்ணப் போட்டி. இந்தியாவும் பிரேசிலும் சமநிலையில் நிற்க, இறுதி ஆட்டம் கிருஷ்ணன் கையில். தோமஸ் கொக்கிடம் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காவதிலும் 2-5 எனப் பின்தங்கினார். தோல்வி உறுதியெனப் பலரும் எண்ணிய வேளையில், பதற்றமின்றி ஆடி அச் செட்டை 7-5 எனவும் அடுத்ததை 6-2 எனவும் கைப்பற்றினார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றில் நுழைந்தது.

1979 இல் அவர் மைந்தர் ரமேஷும் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். தந்தை மகற்காற்றும் உதவி மூன்று தலைமுறையாய்த் தொடர்ந்தது.

புயவலிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பொறுமையோ பயின்றால் எவர்க்கும் வாய்க்கும். மாணவர்காள், இதனை மறவற்க!