சூரைச்செடி நிழலில் ஒரு ரொட்டி



ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் செபமாலைக் கூட்டம். ஏழு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது எட்டு மணிக்கே ஆரம்பமாயிற்று. மூன்றாவது பத்து மணி சொல்லும்போது முன்வரிசையிலிருந்த அக்கா ஒருவர் சுவரில் சாய்ந்து உறங்கிப்போனார். நாம் அப்போது குருப்பட்டம் பெற்று இரண்டு வருடங்களே ஆன இளைஞர். செபம் முடிந்ததும் கெத்செமனித் தோட்டத்தில் உறங்கிய சீடர்களைப் பற்றிச் சிறு பிரசங்கம் ஒன்று செய்தோம். யாரைக் குறித்து அது என்று எல்லோருக்கும் விளங்கியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்தபோது வயதான ஒருவர் எமது கையைப் பிடித்தார். "சாமி, அது காலையில நாலு மணிக்கு எந்திரிச்ச பொண்ணு. மழையில நனைஞ்சு எடுத்தும் கொழுந்து பத்தலைன்னு இன்னைக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க" என்றார்.

குருமடத்தில் பல வருடம் இறையியல் படித்தும் கிடைக்காத பாடம் அது. களைத்துப்போன ஒருவரிடம் "இன்னும் செபியுங்கள், இன்னும் விசுவாசியுங்கள்" என்று சொல்வது, ஏற்கெனவே நிறைந்த கூடையில் மேலும் கொழுந்தை அமுக்குவது போன்றது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லயங்களை விட்டும், லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட மரக்கறித் தோட்டங்களை விட்டும் எத்தனையோ குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் வந்து தங்கின. இந்தப் பக்கங்களை வாசிக்கும் உங்களில் பலர் அப்படி வந்தவர்கள். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்து, பிறகு யுத்தத்தில் அங்கிருந்தும் பெயர்ந்தவர்களும் எம் உறவுகளில் இருக்கிறார்கள். இவர்களிடம் நாம் கேட்ட வார்த்தை ஒன்றே: "அலுத்துப் போச்சு சாமி. செபம் கூட வரமாட்டேங்குது."

செபம் வராதது பாவமா? திருவிவிலியம் அப்படிச் சொல்லவில்லை. விடுதலைப் பயண நூலின் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எகிப்திலிருந்து உங்களை மீட்கப்போகிறேன் என்ற இறைவனின் நற்செய்தியை மோசே வந்து சொல்கிறார். மக்கள் காது கொடுக்கவில்லை. கடுமையான வேலையால் அவர்களுடைய ஆவி ஒடுங்கிப்போயிருந்தது என்பதே அங்கு தரப்படும் காரணம். எபிரேய மொழியில் 'ரூவாக்' என்றால் ஆவி, மூச்சு இரண்டுமே. ஆக, அவர்களுக்கு மூச்சு முட்டியது. கூடையோடு மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இறைவன் அம்மக்களைக் கண்டிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் பார்வோனிடம் மோசேயை அனுப்பினார்.

எலியாவின் கதை இன்னும் நெருக்கமானது. அரசர்கள் முதல் நூல், அதிகாரம் 19. உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயேர்செபாவில் வேலையாளை விட்டுவிட்டுத் தனியே பாலைநிலத்துக்குள் ஒருநாள் பயணம் போகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி மன்றாடுகிறார். பெரிய இறைவாக்கினர்! கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பைக் கண்டவர்! அவருக்கும் இந்த நிலை. சாக வேண்டும் என்று கேட்டவருக்கு வானதூதர் போதனை எதுவும் செய்யவில்லை. தொட்டு எழுப்பினார், சாப்பிடச் சொன்னார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எமது மொழியில் சொன்னால் அடுப்பில் சுட்ட ரொட்டி. எலியா தின்றார், குடித்தார், மறுபடியும் படுத்துவிட்டார். இரண்டாம் முறையும் ரொட்டிதான் வந்தது. அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேபு மலை, மெல்லிய ஒலியில் இறைவனின் சந்திப்பு எல்லாம். நாம் பிரசங்கங்களில் நேரே ஓரேபு மலைக்கு ஏறிவிடுகிறோம். இடையில் கிடக்கும் இரண்டு ரொட்டியையும் இரண்டு தூக்கத்தையும் மிதித்துக்கொண்டு போகிறோம்.

மலையிலும் எலியா, தான் ஒருவனே எஞ்சியிருப்பதாக முறையிட்டார். இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்று இறைவன் கணக்குச் சொன்னார். பிறகு துணைக்கு ஒருவரைக் காட்டினார். அவர் யார்? பன்னிரண்டு ஏர் மாடுகளோடு வயலை உழுதுகொண்டிருந்த எலிசா. ஒரு கமக்காரர்!

எமது நாட்டின் புனித யோசேவ் வாஸ் அடிகளாரும் தனிமையின் களைப்பை அறிந்தவர். கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்தபோதே வயிற்றோட்டத்தால் நலிந்திருந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். ஓட முடியாத அந்தக் காலத்தில் சிங்களம் கற்றார். 1696இல்தான் கோவாவிலிருந்து உடன் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அதுவரை ஒன்பது வருடங்கள் தனிமை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, தம் உறவினரான யோசேவ் கர்வாலோ அடிகளாரோடு சேர்ந்து, கைவிடப்பட்ட நோயாளிகளைப் பராமரித்தார். அற்புதங்களுக்காக அவரிடம் வேண்டுகிறோம். துணைக்கு ஆள் வந்த அந்த 1696ஆம் வருடத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுநாள் கட்டளைக்கு வருவோம். இணைச்சட்ட நூல் அதற்குத் தரும் காரணம், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதே. மகன், மகள், வேலையாள், மாடு, கழுதை, அந்நியர் எல்லோரும் இளைப்பாற வேண்டும் என்று பட்டியலே உண்டு. அதில் மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. 'நீ' என்பதில் அவரும் அடக்கம் என்று அறிஞர்கள் விளக்குவார்கள். லயத்துக் கணவன்மார் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார்கள் போலும்! ஞாயிறு திருப்பலி முடிந்து ஆண்கள் சந்திக்குப் போகிறார்கள். பெண்கள் ஒரு வாரத்து உடுப்பை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போகிறார்கள். குடும்பத்தில் ஆன்மீகப் புதுப்பித்தல் வேண்டும் என்று எம்மிடம் கேட்கும் அண்ணன்மாருக்கு நாம் சொல்வது, அடுத்த ஞாயிறு அந்த உடுப்பு வாளியை நீங்கள் தூக்குங்கள் என்பதுதான்.

எல்லாக் களைப்பும் ஒன்றல்ல. இரத்தச்சோகையால் வரும் களைப்புக்குச் செபத்தோடு மருந்தும் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இழப்புக்குப் பின் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவல்ல, எலியாவுக்கு வந்ததுதான்.

அநியாயத்தால் வரும் களைப்பு வேறு. அதைச் சிலுவை என்று சொல்லி ஆசீர்வதிக்க எமக்கு உரிமையில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்த சட்டத்தின் பாதிப்பு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த சமூகம் இது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் நிறை எடுக்காவிட்டால் அரைப்பேர் என்ற வழக்கம் களைப்பை விடவில்லை. 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை ஆரம்பித்த யேசு சபை குரு போல் கஸ்பர்ஸ் அடிகளார், 2017இல் மறையும்வரை தோட்ட மக்களின் உரிமையைப் பற்றிப் பேசினார். அதையும் செபத்தின் பகுதியாகவே நாம் பார்க்கிறோம்.

டித்வா மழைக்குப் பிறகு ஒரு கோவில் மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்காக ஆறுதல் வழிபாடு ஒன்றை நாம் ஆயத்தம் செய்தோம். பாட்டு, வாசகம், மெழுகுதிரி எல்லாம் தயார். ஆரம்பிக்குமுன் ஒரு தாய் கேட்டார்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மணித்தியாலம் புள்ளைகள யாராவது பாத்துக்குவீங்களா? மழை பெய்ஞ்ச நாள்ல இருந்து கண்ணு மூடல்ல." வழிபாட்டை நிறுத்தினோம். இளைஞர் மன்றப் பிள்ளைகள் சிறுவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். மண்டபத்தில் பாய் விரித்து, யன்னல்களைச் சாத்தி, வாசலில் நாமே கதிரை போட்டு உட்கார்ந்தோம், யாரும் உள்ளே போய்க் குரல் கொடுக்காதபடி. பிற்பகல் முழுவதும் உறங்கினார்கள். எழும்பியவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் கொடுத்தோம்.

மூன்றாம் ஞாயிறு அவர்களாகவே வந்து திருப்பலி வைக்கச் சொன்னார்கள். காணிக்கைப் பவனியில், மண்சரிவுக்குத் தப்பிய பாத்தியொன்றில் இருந்து ஒருவர் ஒரு கட்டு லீக்ஸ் கொண்டுவந்தார். அன்றும் ஒரு பாட்டி பிரசங்கத்தின்போது உறங்கினார். பக்கத்திலிருந்த பெண் தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார். நாம் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டோம்.