நாப்தலீன்: ஆலையிலும் அலமாரியிலும்

லண்டன் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரியத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாயு ஆலைக்காரர்களை இரண்டு பொருள்கள் படுத்தி எடுத்தன. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுடும்போது வாயுவோடு சேர்ந்து வடியும் கரிய தார் ஒன்று. அதை என்ன செய்வதென்று அப்போது பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. மற்றது, குளிர்காலத்தில் குழாய்களுக்குள் வெள்ளைச் செதில்களாகப் படிந்து வாயுவின் வழியையே அடைத்துவிடும் ஒரு பொருள். தெருவைத் தோண்டிக் குழாயைத் திறந்து சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. தாருக்குள்ளும் அதே வெள்ளைப் பொருள் இருந்தது. பத்தில் ஒரு பங்கு அதுதான். 1821இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ஜான் கிட் அதன் குணங்களை விவரித்து நாப்தலீன் என்ற பெயரைச் சூட்டினார். அதில் கரியும் ஹைட்ரஜனும் எந்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதை 1826இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். தேன்கூட்டின் அடுத்தடுத்த இரண்டு அறைகள்போல, ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பென்சீன் வளையங்களே அதன் வடிவம் என்று எர்லன்மேயர் 1866இல் சொன்னார்.

அதன் குணங்களில் மூன்று முக்கியமானவை. 80 டிகிரி செல்சியஸில் உருகி 218 டிகிரியில் கொதிக்கும் பொருள்தான் என்றாலும், அறை வெப்பத்திலேயே உருகாமல் நேராக ஆவியாகும்; அந்த ஆவி குளிர்ந்த இடம் கண்டால் மறுபடி படிகமாகும். நம் பள்ளிப் பாடநூல்கள் பதங்கமாதலுக்குக் கற்பூரத்தோடு இதையும் எடுத்துக்காட்டாகச் சொல்வது இதனால்தான். இரண்டாவது, தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். எண்ணெயில் நன்றாகக் கரையும். மூன்றாவது, எளிதில் தீப்பிடிக்கும். அன்று லண்டன் குழாயை அடைத்ததும் இன்று நம் வீட்டுப் பீரோவை நிறைப்பதும் முதல் குணம். குழந்தைகளுக்கு ஆபத்தாவது முதலிரண்டும் சேரும்போது.

ஆலைகளில் இந்தப் பொருளின் மதிப்பை உயர்த்தியது நீலம். செடியிலிருந்து எடுத்த அவுரிச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட வேண்டும் என்று ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டியது. நாப்தலீனை ஆக்சிஜனேற்றம் செய்து தாலிக் அன்ஹைட்ரைடு ஆக்குவது முதல் படி. அங்கேயே வேலை நின்றது. வினை மெதுவாக நடந்தது, செலவு கட்டுப்படியாகவில்லை. புகையும் கந்தக அமிலத்தில் நாப்தலீனைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் உள்ளே கொட்டியது. வினை விரைந்தது. பாதரசம் வினையூக்கியானது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டில் உலகம் செடியிலிருந்து எடுத்த நீலம் ஏறக்குறைய 19,000 டன். 1914இல் அது 1,000 டன்னாகச் சுருங்கியது. பீகாரின் சம்பாரனில் உழவர்களைக் கட்டாய அவுரிச் சாகுபடியால் வாட்டிய தோட்ட முதலாளிகள், சந்தை விழுந்தபோது அந்த நட்டத்தையும் குத்தகை உயர்வாக அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். 1917இல் காந்தி அங்கே போனதற்குப் பின்னால், எங்கோ ரைன் நதிக்கரை ஆலையில் கொதித்த நாப்தலீனும் உண்டு. நம் பக்கம் தென்னார்க்காட்டு அவுரியும் அந்த அடியில் சாய்ந்தது. திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் இயற்கைச் சாயத்துக்காக இன்றும் அவுரி விளைகிறது.

செயற்கை நீலமும் நாப்தலீனோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அனிலீன் வழி மலிவாகிவிட்டது. பெயின்ட் ரெசினுக்கும் பிளாஸ்டிக்கைக் குழைவாக்கும் பொருள்களுக்கும் தேவைப்படும் தாலிக் அன்ஹைட்ரைடு, 1960களுக்குப் பிறகு பெரும்பாலும் பெட்ரோலியத்தின் ஆர்த்தோசைலீனுக்கு மாறியது. ராணிப்பேட்டையில் அது தயாராவதும் அந்த வழியில்தான்.

அப்படியானால் நாப்தலீன் இன்று எங்கே போகிறது? ஒரு பெரும் பங்கு கட்டடங்களுக்குள். நாப்தலீனைக் கந்தக அமிலத்தோடும் ஃபார்மால்டிஹைடோடும் வினைப்படுத்திக் கிடைக்கும் பழுப்புநிறப் பொருளைக் கான்கிரீட்டில் கலக்கிறார்கள். ரெடிமிக்ஸ் ஆலைகளில் அட்மிக்சர் என்பார்கள். சிமென்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போது இடையில் தண்ணீரைச் சிறைபிடித்துக்கொள்கின்றன. இந்தப் பொருள் ஒவ்வொரு துகள்மேலும் படிந்து ஒரேவகை மின்னூட்டம் தருவதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். சிக்கிய தண்ணீர் விடுபடும். குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகி ஓடும். இறுகியபின் வலிமை கூடும். 1960களில் ஜப்பானில் பிறந்த இந்த முறை இல்லாமல் உயரமான பாலங்களையும் அடுக்குமாடிகளையும் இன்றைய வேகத்தில் எழுப்பியிருக்க முடியாது. புதுவகைப் பாலிகார்பாக்சிலேட்டுகள் இப்போது போட்டிக்கு வந்துவிட்டாலும், மலிவு கருதி இதற்கு இன்னும் இடமிருக்கிறது. இதன் உறவுப் பொருள்கள் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் ஊர்களில் சின்டான் என்ற பெயரில் தோலைப் பதப்படுத்த உதவுகின்றன. சாயப்பொடி கட்டிதட்டாமல் தண்ணீரில் பரவவும் உதவுகின்றன.

உளுந்தும் பாசிப்பயறும் பூ உதிராமல் காய்பிடிக்க நம் உழவர்கள் தெளிக்கும் என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கியும் நாப்தலீன் வழி வந்ததே. மிகச் சிறிய அளவு, லிட்டருக்கு 40 மில்லிகிராம், போதும்.

இந்த வரலாற்றில் கசப்பான பக்கங்களும் உள்ளன. துணிச்சாயங்களுக்கு அடிப்படையான எச்-ஆசிட் நாப்தலீனிலிருந்து பல படிகளில் வருகிறது. ஒவ்வொரு படியிலும் அமிலக் கழிவு சேரும். 1980களின் இறுதியில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் பிச்சரி என்ற கிராமத்தருகே எச்-ஆசிட் தயாரித்தவர்கள் கழிவை வெளியில் கொட்டினார்கள். நிலத்தடி நீர் நிறம் மாறியது. கிணறுகள் குடிக்கவும் பாசனத்துக்கும் உதவாமல் போயின. 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த எத்தனையோ சூழல் வழக்குகள் அந்தத் தீர்ப்பின்மேல்தான் நிற்கின்றன. ஊர் இழந்த தண்ணீர் தீர்ப்பு வந்த வேகத்தில் திரும்பவில்லை.

நாப்தலீனை ஆலைக்குள் கையாளும் முறையில் நடந்த மாற்றம்தான் எனக்கு முக்கியம். அன்று தாரிலிருந்து வடித்த எண்ணெயைத் திறந்த தொட்டிகளில் ஆறவிட்டு, உறைந்த கட்டியை மண்வெட்டியால் வாரினார்கள். ஆவி கொட்டகை முழுவதும். தலைவலி, குமட்டல், தோல் எரிச்சல் எல்லாம் வேலையோடு வருவது என்று விட்டுவிட்டார்கள். நெடுநாள் ஆவியில் நின்ற தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்ததை 1950களில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

இன்று எஃகு ஆலைகளின் கோக் அடுப்புகளை ஒட்டிய தார் பிரிவுகளில், ஒழுங்காக நடக்கும் இடமென்றால், நாப்தலீன் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. நீராவி உறை சுற்றிய குழாய்களில் உருகிய நிலையிலேயே ஓடி, வெப்பம் காக்கும் டேங்கர் லாரியில் ஏறும். குழாயின் எந்த மூலையாவது 80 டிகிரிக்குக் கீழே போனால் அங்கே உறைந்துவிடும். அதைவிட ஆபத்து, தொட்டியின் மூச்சுக்குழாயில் ஆவி படிகமாகி அடைப்பது. உள்ளே அழுத்தம் ஏறித் தொட்டியே பிளக்கலாம். அதனால் மூச்சுக்குழாயையும் சூடாக வைக்கிறார்கள், முறைவைத்துத் திறந்து பார்க்கிறார்கள். காற்றை விலக்க நைட்ரஜனை நிரப்புவதும் உண்டு. செதிலாக்கிப் பையில் அடைக்கும் இடத்தில் தூசுதான் எதிரி. மெல்லிய தூசு காற்றில் கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், வெடிக்கும். எந்திரங்களை எர்த் செய்வதும், இரும்பு மண்வெட்டியை விலக்குவதும், குரோமிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றிகளைத் தள்ளி வைப்பதும் இதற்காக. தீப்பிடித்த உருகிய நாப்தலீன்மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது நுரைத்துப் பொங்கித் தெறிக்கும். நுரை, உலர்பொடி அல்லது கரியமில வாயுவால்தான் அடக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி எட்டு மணி நேர வேலையில் காற்றில் சராசரி 10 பிபிஎம், அதாவது கனமீட்டருக்கு 50 மில்லிகிராம், மேல்வரம்பு. நாப்தலீன் உடலில் சிதைந்து உருவாகும் நாப்தாலின் அளவைத் தொழிலாளியின் சிறுநீரில் பார்த்தே எவ்வளவு உடலுக்குள் போனது என்று சொல்லிவிடலாம்.

ஆலை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. வீட்டில் நாப்தலீன் அந்துருண்டை அன்று கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

நம் வீடுகளுக்கு அது ஒரு காலத்தில் புதுமையாக வந்தது. அதற்குமுன் துணியிடுக்கில் வேப்பிலை, வசம்பு, கிராம்பு. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கிடையே வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இடித்த பொடியைக் கற்பூரம் சேர்த்துச் சிறு முடிச்சுகளாக வைக்கும் வழக்கம் உண்டு. அந்துருண்டை மலிவாகவும் கையடக்கமாகவும் இருந்ததால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. நெடி அடித்தால் பூச்சி அண்டாது என்று நம்பினோம். உண்மையில் இறுக மூடிய பெட்டியில் ஆவி செறிவாக நிறைந்தால்தான் அது பூச்சியைக் கொல்லும். அடிக்கடி திறக்கும் பீரோ மூலையில் நாலு உருண்டை போட்டால் பூச்சிக்குப் போவதைவிட நம் நுரையீரலுக்கு அதிகம் போகிறது. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியும் பட்டும். நம் பருத்திச் சட்டைகளை அது பெரும்பாலும் சீண்டுவதே இல்லை.

2002இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் நாப்தலீனைச் சேர்த்தது. எலிகளில் மூக்குக் கட்டிகள் தோன்றியதே முக்கிய ஆதாரம். 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலீன் அந்துருண்டை விற்பனையை நிறுத்தியது. வீட்டுக்குள் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2010இல் உலக சுகாதார அமைப்பு வழிகாட்டியது. ஆலைக்கான அந்த அமெரிக்க வரம்பில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஆலையில் நிற்பவர் வளர்ந்த ஆள், எட்டு மணி நேரம். வீட்டில் நாள் முழுவதும் தூளியில் கிடப்பது பச்சைக் குழந்தை.

அந்தக் குழந்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் இந்தியாவில் எல்லா மாநிலங்களிலும் உண்டு; ஆண் குழந்தைகளில் அதிகம். அவர்களுடைய சிவப்பணுக்கள் நாப்தலீன் சிதைவுப் பொருள்களைத் தாங்காமல் உடையும். பிறந்த சில நாள்களில் கல்லீரலும் முதிர்ந்திருக்காது. மஞ்சள் காமாலை ஏறி மூளையைத் தொடும் நிலைகூட வரலாம். அந்துருண்டையோடு வைத்திருந்த கம்பளிகளைப் போர்த்திய கிரேக்கப் பச்சிளம் குழந்தைகளுக்கு, ஆவியை மூச்சில் இழுத்ததாலேயே இப்படி நடந்ததை 1963இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பிறந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய பருத்தி வேட்டியும் சேலையும் எடுத்துத் தூளி கட்டுகிறோம், அணைதுணி கிழிக்கிறோம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்க்கிறோம். எண்ணெய் பூசிய தோல் நாப்தலீனை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும். அந்தத் துணியில் அந்துருண்டை நெடி இருந்தால் அது குழந்தைக்கு ஆகாது. சோப்புப் போட்டுத் துவைத்து, நெடி முற்றும் போகும்வரை வெயிலிலும் காற்றிலும் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். என்னைக் கேட்டால், பிள்ளைக்கு வைக்கும் துணிப் பெட்டியில் அதைப் போடவே வேண்டாம்.

பட்டையும் கம்பளியையும் துவைத்து, வெயில் காட்டி, இறுகிய பெட்டியில் வைத்து அவ்வப்போது எடுத்து மடித்தாலே பெரும்பாலும் போதும். அருங்காட்சியகங்கள்கூட இன்று துணிகளையும் பறவைத் தோல்களையும் ஆழ்குளிரில் உறையவைத்துப் பூச்சியைக் கொல்கின்றன. நாப்தலீனுக்குப் பதில் கடையில் கிடைக்கும் பாரா-டைகுளோரோபென்சீனும் அதே 2பி பிரிவில்தான் இருக்கிறது.

தவழும் பிள்ளை உருண்டையை மிட்டாய் என்று விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால் கொடுக்காதீர்கள், கொழுப்பு அதை விரைவாக இரத்தத்தில் சேர்க்கும். பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். அன்று பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று வீட்டோடு இருந்துவிடக் கூடாது. ஓரிரு நாள் கழித்துத்தான் முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி குறைபாடு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத நிலையில் வழக்கமாகக் கொடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற மருந்து, அந்தப் பிள்ளைகளுக்குச் சிவப்பணு உடைவதை மேலும் கூட்டிவிடும்.