இராமானுஜனின் பதின்மூன்று இலக்க எண்

கடைகளில் கோப்பைகளை டஜன் கணக்கில் வாங்குகிறோம். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். இந்த 12க்கும் 60க்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பன்னிரண்டு பொருளை 2, 3, 4, 6 பேருக்குப் பின்னமின்றிப் பங்கிடலாம். பத்துப் பொருளையோ 2, 5, 10 பேருக்கு மட்டுமே. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். 1ஐயும் 12ஐயும் சேர்த்து, 12க்கு ஆறு காரணிகள். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. 60க்குப் பன்னிரண்டு, அதன் பெருமையும் அதுவே. இவற்றைக் காரணி மிக்க எண்கள் எனலாம்.

ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், 1915இல் இவ்வெண்களைப் பற்றி நீண்டதோர் ஆய்வுரை வெளியிட்டார். அதிலுள்ள பட்டியலின் இறுதியில் நிற்பது 6746328388800. நம் வழக்கில் சொன்னால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக வகுத்துத் தேட வேண்டுவதில்லை. முதலில் 12ஐப் பார்ப்போம். அது 2×2×3. ஒரு காரணியை ஆக்கும்போது 2ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம்: மூன்று வழி. 3ஐ விடலாம், எடுக்கலாம்: இரண்டு வழி. மூவிரண்டு ஆறு. இனி நம் பேரெண்ணுக்கு வருவோம். அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5ம் 7ம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருகி நிற்கின்றன. ஆகவே 7×5×3×3×2×2×2×2×2. விடை 10080 காரணிகள்! வாய்பாடு அறிந்த மாணவன் கரும்பலகையில் போட்டுவிடுவான்.

ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, ஒன்று என இறங்கிவரும் வரிசையைக் கவனியுங்கள். அது தற்செயலன்று. 2×3×3 ஆகிய 18க்கும் ஆறு காரணிகளே. ஆனால் மிகுதியைச் சிறிய பகா எண்ணின்மேல் ஏற்றினால் 12 கிடைத்துவிடுகிறது. அதே காரணிகளைச் சிறிய எண்ணே தரும்போது பெரியதற்குப் பட்டியலில் இடமில்லை. எனவே அடுக்குகள் ஒருபோதும் ஏறா. கடைசிப் பகா எண் ஒருமுறைதான் வரும், 4, 36 என்னும் இரண்டைத் தவிர என்பதையும் இராமானுஜன் நிறுவினார். என் எண்ணத்தில், பட்டியலைவிட இந்த நிறுவலே பெரிது.

கையால் கணித்த அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்ததைப் பின்வந்தோர் கண்டனர். அது 293318625600, காரணிகள் 5040. அதையும் பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: இறுதி எண்ணிலுள்ளவை அனைத்தும் அப்படியே இருக்கின்றன, 23 மட்டும் இல்லை. ஐயமுள்ள ஆசிரியர்கள் விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பார்க்கலாம்.