இ20 பெட்ரோல்: பழைய ஆல்டர் வண்டிக்கு எந்த ஜெட், எந்த ஆயில்?

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்குக்கு முதலில் குறித்திருந்த ஆண்டு 2030. மத்திய அரசு அதை 2025-26-க்கு இழுத்து வந்தது. இன்று பங்கில் சாதா பெட்ரோல் என்று கேட்டால் ஊற்றுவது இ20தான். அதிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே குழப்பம். பிரீமியர் பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஹெட்டை இழைத்து, கேம் மாற்றி, பெரிய கார்புரேட்டர் போட்டவர்கள் கேட்கிறார்கள்: “பாதிப்பில்லை என்கிறார்களே, வண்டி ஏன் மேட்டில் திணறுகிறது?”

கார்புரேட்டர் வண்டிகளையும் 1 லட்சம் கி.மீ. வரை சோதித்ததாகவும், சக்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்றும் அதிலேயே ஒப்புக்கொண்டது. ஆல்டர் செய்த எஞ்சினைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5. இன்ஜெக்‌ஷன் வண்டியில் புகைக்குழாயிலுள்ள சென்சார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டச் சொல்லும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் ஊற்றும். சுத்த பெட்ரோலுக்கு ட்யூன் செய்த வண்டியில் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் லீன் ஆகிவிடுகிறது, அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாமல் போகிறது.

சமதளத்தில் நிதானமாகப் போகும்போது இது தெரியாது. ஏற்காடு மலையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் எஞ்சின் கூடுதல் பெட்ரோல் கேட்கும். அந்தக் கூடுதல்தான் எக்ஸாஸ்ட் வால்வைச் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறது. எத்தனால் ஆவியாகும்போது கலவையைக் கொஞ்சம் குளிர்விக்கும், உண்மைதான். ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினில் கலவை தவறாக எரிந்தால் ‘டிக் டிக்’ என்று தட்டும். ஓட்டுபவர் காலை எடுப்பார். எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் அந்தத் தட்டலை அடக்கிவிடுகிறது. ஆக்டேன் கூடியதை அரசு நன்மையாகச் சொல்கிறது. லீனாக ஓடும் ஆல்டர் எஞ்சினிலோ, அதே ஆக்டேன் எச்சரிக்கையின் வாயை மூடிவிடுகிறது.

ஆகவே காதை நம்பாமல் பிளக்கைப் பாருங்கள். முழு மிதியில் ஒரு மேடு ஏறி, இக்னிஷனை அணைத்து, கிளட்ச்சை மிதித்து ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் வெளிறிய காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி; சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் லீன். சோலெக்ஸ் மெயின் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மி.மீ. அதை 125 ஆக்கினால் துளையின் பரப்பு 8.5 சதவீதம் கூடும், கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய அளவு. துளையை ஊசியால் குடைய வேண்டாம், புது ஜெட் வாங்குங்கள். அளவு மிஞ்சினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டு ஜெட்டைக் குறையுங்கள்.

எந்த ஆயில்? பத்மினி, பழைய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சின்களில் கேம், தட்டையான டாப்பெட்டின் மேல் உரசி ஓடுகிறது. அங்கே தேய்மானத்தைத் தடுப்பது துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதற்கு 0.08 சதவீதம் உச்சவரம்பு. புதிய ஆயில் ரகம் பழைய ரகத்துக்கு மாற்றாகும் என்பது பொது விதி. ஆனால் அது கடினமான வால்வு ஸ்பிரிங் போட்ட எஞ்சினை மனதில் வைத்து எழுதியதல்ல. 20டபிள்யூ-50-க்கு அந்த வரம்பு இல்லை. வாங்குமுன் தரவுத்தாளில் பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 சதவீதம் வரை இருக்கிறதா பாருங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் ஊற்றினால் போதுமா? போதாது; அது லீனைச் சரிசெய்யாது.

டேங்கில் இ20-உடன் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாமா? கூடாது, எத்தனால் ஈரத்தை இழுத்து, மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்.

பெட்ரோல் ஹோஸ்? எத்தனால் தாங்கும் ரகமாக, கார்புரேட்டர் டயாஃப்ரத்தோடு சேர்த்து இப்போதே மாற்றுங்கள்.