செவியற்ற அறிவினர்: பர்ரோஸின் மஹார் இனமும் மொழிச் சிக்கலும்

திறவுச்சொற்கள்: மஹார், பெலூசிடார், ஆறறிவு, ஒலிமொழி, எழுத்து

மனிதரல்லாத அறிவுயிர்களைப் படைக்கும் மேலைப் புனைகதைகள் பலவும் அவ்வுயிர்களுக்கு மனிதரின் பேச்சையே வழங்கிவிடுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பர்ரோஸ் படைத்த மஹார் இனம் இதற்கு விலக்காகும். 1914ஆம் ஆண்டு வார இதழ்த் தொடராக வந்து, 1922இல் நூலான 'அட் தி எர்த்ஸ் கோர்' என்னும் புதினத்தில் இவ்வினம் முதன்முதலாக இடம்பெறுகிறது. பர்ரோஸ் டார்சன் கதைகளால் அறியப்பட்டவராதலின் இதனையும் வீரசாகசக் கதை என்று கொள்வதே எளிது. அவ்வகைமைக்குள் நிற்கும்போதே, பேச்சு இல்லாதவிடத்து அறிவு உண்டா என்னும் வினாவை இப்புதினம் எழுப்புகிறது.

டேவிட் இன்னஸ் என்னும் இளைஞனும் அப்னர் பெரி என்னும் முதியவரும் நிலத்தைத் துளைத்துச் செல்லும் பொறியில் 500 மைல் ஆழம் இறங்கிப் பெலூசிடார் என்னும் உள்ளுலகை அடைகின்றனர். அங்கு ஞாயிறு நடுவே அசையாது நிற்பதால் இரவும் இல்லை, காலக்கணக்கும் இல்லை. அவ்வுலகை ஆள்வோர் மஹார்கள். ஆறு முதல் எட்டு அடி நீள உடல், குறுகி நீண்ட தலை, பெரிய வட்டக் கண்கள், கூர்ம்பற்கள் நிறைந்த அலகு, சவ்வுச் சிறகு ஆகியவை கொண்டு அவை வருணிக்கப்படுகின்றன. பெரி இவற்றை ராம்போரிங்கஸ் வகையின என அடையாளம் காண்கிறார். அது கற்பனையன்று, ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவமாகக் கிடைக்கும் பறக்கும் ஊர்வன. அந்தச் சிற்றுயிரைப் பெருக்கி, அதற்கு நகரமும் நூலகமும் அறிவியலும் தந்தது மட்டுமே புனைவு. கொரில்லாவை ஒத்த சாகோத்துகள் மஹார்களின் ஏவலர். 'கிலாக்' எனப்படும் மனிதர் அடிமைகள், சிலவேளை உணவு, சிலவேளை உயிரோடு அறுத்து ஆராயப்படும் பொருள்.

மஹார்களுக்குச் செவி இல்லை. அவை தம் எண்ணங்களை நான்காம் பரிமாணத்தில் செலுத்த, எதிர்நிற்கும் மஹாரின் ஆறாம் புலன் அவற்றை உணர்ந்துகொள்ளும் என்பது பெரி தரும் விளக்கம். விளக்கம் எவ்வளவு அறிவியலாகும் என்பது வேறு செய்தி. அதன் விளைவே இங்குக் கருதத்தக்கது. மனிதர் தமக்குள் உரையாடுகின்றனர் என்பதையே மஹார்கள் அறியவில்லை. மனிதச் செயல் யாவும் இயல்பூக்கம் மட்டுமே என வாதிடும் மஹாரும் உண்டு. சாகோத்துகளுக்குப் பேச்சு உண்டென்பதை அவை அறிந்திருந்தும், இதழ்களின் அசைவே பொருளைத் தருகிறது என எண்ணுகின்றன. நம் உலகில் விலங்குகளைப் பற்றி மனிதர் கொள்ளும் கருத்தும் இத்தகையதே எனப் பெரி உடனே குறிப்பிடுவது கவனிக்கத்தக்கது. சாகசக் கதை நடுவே ஆசிரியர் சற்று நின்று சிந்தித்த இடம் இதுவாகும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கும் முறையோடு இதனை ஒப்பிடலாம். தொடுவுணர்வு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஐந்தும் படிப்படியாக ஏற, ஆறாவதாக மனம் அமைகிறது. இவ்வைப்புமுறையில் கேள்வியைக் கடந்தே மனத்தை அடைய இயலும். மஹாரோ ஐந்தாம் படியின்றியே ஆறாவதில் நிற்பது. மக்களேயன்றி வேறு சிலவும் ஆறறிவுக் கிளையில் உண்டெனத் தொல்காப்பியம் இடம் விட்டிருப்பதால் அதனை முற்றிலும் புறத்தே தள்ளவும் இயலாது. ஏணியின் வரிசையே அதற்குப் பொருந்தவில்லை என்பதே சரி. மஹார்களும் தமக்கென ஓர் ஏணி வைத்துள்ளன. அதில் மனிதனுக்கு இடமில்லை.

ஒலியால் அடைக்கப்பட்ட வழி எழுத்தால் திறந்தே இருக்கிறது. ஃபூட்ரா நகரின் நூலகத்தில் அடிமையாகப் பணிபுரியும் பெரி, மஹார்களின் எழுத்தைத் தாமே கற்று நூல்களைப் படிக்கிறார். அவ்வாறு அறிந்தவற்றுள் ஒன்று, இனப்பெருக்க மறை. முன்னொரு காலத்தில் ஆண்களே மேலோங்கியிருந்த அவ்வினத்தில் பெண்கள் மெல்ல ஆட்சியைக் கைக்கொண்டனர். பின்னர் ஒரு பெண் அறிவியலாளர் முட்டைகளை வேதிமுறையால் கருவுறச்செய்யும் வழியைக் கண்டறிய, ஆண்கள் அற்றுப்போயினர். இக்கற்பனைக்கு அக்கால அறிவியலில் ஓர் இணை உண்டு. 1899இல் ஜாக் லோப் கடல்நீரின் உப்புச் சேர்க்கையை மாற்றி, கருவுறாத கடல் முள்ளெலி முட்டைகளை வளரச் செய்து காட்டியிருந்தார். புதினத்தில் அந்த மறை ஒரே ஒரு நூலில் எழுதிக் காக்கப்படுகிறது.

பெரி எழுத்தை அறிந்த பின்னர், மனிதனும் சிந்திப்பவனே என்பதை மஹார்களுக்கு ஒரு வரியில் எழுதிக் காட்டியிருக்கலாம். இன்னஸும் பெரியும் அந்நூலைத் திருடவே திட்டமிடுகின்றனர். நூல் மறைந்தால் இனம் அழியும். கிலாக்குகளின் விடுதலை அதுவே எனக் கதை கொண்டாடுகிறது. அடிமைப்பட்டோர் தரப்பில் அதற்கு நியாயமும் இல்லாமலில்லை. எனினும் எதிரியின் எழுத்தைக் கற்றதன் பயன் உரையாடலாக அன்றி இன அழிப்பாக முடிவதை ஆசிரியர் ஒரு சிக்கலாகவே கருதவில்லை. கொல்லப்பட்ட நான்கு மஹார்களின் தோலைப் போர்த்து இன்னஸும் பெரியும் துணைவர் இருவரும் சாகோத்துக் காவலரைக் கடந்து வெளியேறுகின்றனர்.

புதினத்தின் இறுதியில் சகாரா பாலைநிலத்தில் இன்னஸின் பொறி மேலெழுகிறது. காதலி டயான் என்றெண்ணி அவன் ஏற்றிவந்தது, சிங்கத்தோலால் மூடப்பட்ட ஒரு மஹாரை. தன் கதை முழுவதையும் அங்கு வந்த வழிப்போக்கர் ஒருவரிடம் அவன் வாய்மொழியாகக் கூறுகிறான். உடன் வந்த மஹாருக்கு அச்சொற்களில் ஒன்றும் எட்டாது.