சேர்வராயன் மலையில் கோழிக்குஞ்சு

மாணவர்களே, ஏற்காடு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிப் பனியில் நாம் கம்பளி தேடுகிறோம். மெல்லிய தூவி மட்டுமே போர்த்த இறைச்சிக் கோழிக்குஞ்சு என் செய்யும்? முதல் வாரம் அதற்கு ஏறத்தாழ 35 டிகிரி செண்டிகிரேடு வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி குறைக்கலாம். வெப்பமானி இல்லையேல் குஞ்சுகளையே பாருங்கள். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர். விலகி நின்று அலகு திறந்து மூச்சிரைத்தால் மிகுவெப்பம்.

நான் முதன்முறை வளர்த்தபோது, குளிருக்கு அஞ்சிச் சாளரம் யாவற்றையும் சாக்கினால் அடைத்தேன். (பாடத்தில் பாதியே படித்த ஆசிரியன்!) தரையில் பரப்பிய உமி ஈரமாகி, எச்சத்தின் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது, பாதிக் குஞ்சுகள் மடிந்தன. குஞ்சின் உயரத்தில் காற்றைத் தடுத்து, கூரையருகே திறப்பு விட்டிருக்க வேண்டும். நனைந்த உமியையும் அன்றன்றே மாற்றியிருக்க வேண்டும்.